தொல்கடற் காட்சியும் ஊடாட்டக் கலையும்

முன்னுரை

திறனாய்வு என்பது சொல்லாலாகிய கலைக்கே உரியது என்பது ஒரு சாரார் கொள்கை. கல்லாலும் வண்ணத்தாலும் இசையாலும் கூத்தாலும் ஆகிய கலைகளைத் தமிழறிஞர் பண்டு தொட்டே ஆராய்ந்து வந்துள்ளனர் ஆதலின் அக்கொள்கை வலியுடையது அன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், யாழையும் குழலையும் ஆடரங்கையும் அளந்து விளக்கிய திறத்தை அறியாதார் இலர். அவர் சென்ற நெறியில், கணிப்பொறியால் ஆகிய கலையையும் தமிழ் மரபின் அளவைகொண்டு அளந்து காணலாம் என்பது எம் துணிபு.

ஊடாட்டக் கலை என்பது காண்போன் வாளா நின்று காணும் கலை அன்று. அவனுடைய கையோ, காலோ, மூச்சோ, சொல்லோ படைப்பினுள் புகுந்து அதன் போக்கினை மாற்றும். ஓர் ஓவியத்தை நூறு பேர் காணினும் அவ்வோவியம் ஒன்றே. ஊடாட்டப் படைப்போ நூறு பேர் காண நூறு வடிவு கொள்ளும். இவ்வகைப் படைப்புகளுள் சில, மக்களினம் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முற்பட்ட கடல்களையும், அக்கடல்களில் உயிர் தழைத்த வகையையும் பொருளாகக் கொண்டன. அத்துணை நெடிய காலத்தை 'ஆழ்காலம்' என ஈண்டுக் குறிப்போம். நிலவரலாறு மனித வரலாற்றினும் அளவிறந்து நீண்டது என்பதைப் பாறைகளைச் சான்றாக்கி நிறுவ முனைந்தவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் ஹட்டன். அவருடைய ஆய்வுரை 1788ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆழ்காலம் என்னும் கருத்துக்கு அப்பெயரையே வழங்கிப் பரப்பியவர் அமெரிக்க எழுத்தாளர் ஜான் மெக்ஃபீ. அஃது 1981ஆம் ஆண்டு நிகழ்ந்தது.

இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்தில் ஒரு முரண் எழுகின்றது. ஆழ்காலம் மனிதக் கை படாத காலம். ஊடாட்டக் கலையோ மனிதக் கை படாமல் நடவாத கலை. கை படாத காலத்தைக் கையால் இயங்கும் கலை எங்ஙனம் காட்டும்? காட்டுமாயின், அது காட்டுவது தொல்கடலையா, காண்போனையா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். இதற்கு விடைகாண மூன்று படைப்புகளை எடுத்துக்கொள்வோம்.

1. அளவை

தொல்காப்பிய அகத்திணையியல் செய்யுட்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கும். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்துத் தோன்றும் உயிரும் பிறவும் கரு. மக்களின் ஒழுக்கம் உரி. இம்மூன்றனுள் உரியே சிறப்புடையது என்பது உரை மரபு. முதலும் கருவும் உரிக்கு நிலைக்களனாய் நின்று பயன்படுவன.

ஆழ்காலக் கலைக்கு இப்பகுப்பைப் பொருத்தின் ஒன்று தெளிவாகும். அக்கலையில் முதற்பொருள் பெரிது; கருப்பொருள் உண்டு; உரிப்பொருளோ இல்லை. நிலம் உளது, பொழுது உளது, உயிரும் உளது. அவற்றிடையே நின்று புணர்ந்தும் பிரிந்தும் இருந்தும் இரங்கியும் ஊடியும் வாழும் மாந்தர் இலர். ஆகவே இக்கலையைப் படைப்போர்க்கு இரு வழிகளே உள்ளன. உரிப்பொருள் இன்றியே முதலும் கருவும் கொண்டு கலை அமைத்தல் ஒன்று. காண்போனையே உரிப்பொருளாக உள்ளே கொண்டு சேர்த்தல் மற்றொன்று. யாம் காணவிருக்கும் மூன்று படைப்புகளும் வெவ்வேறு அளவில் இரண்டாம் வழியையே மேற்கொண்டன.

இரண்டாவது அளவை மெய்ப்பாடு. மருட்கை, அதாவது வியப்பு, பிறப்பதற்குரிய களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கனை மெய்ப்பாட்டியல் கூறும். இவற்றுள் ஆக்கம் என்பதற்கு, ஒரு பொருள் வேறொன்றாகத் திரிந்து வளர்வது கண்டு வியத்தல் என்ற கருத்துப்படப் பேராசிரியர் உரை வரைந்துள்ளார். உயிர் வடிவங்கள் ஒன்றினின்று ஒன்று கூர்ந்து தோன்றும் காட்சிக்கு இதனினும் பொருந்திய சொல் கிடைத்தல் அரிது. அறிவு நிரம்பாத இடத்தே மருட்கை பிறக்கும் என்ற குறிப்பும் அந்நூற்பாவிலேயே உண்டு. இதனை ஆய்வாளர் மனத்திற் கொள்ளல் வேண்டும். காண்போன் தன் அறிவால் முற்றும் ஆளத்தக்கதாகக் காட்டப்பெறும் காலம் அவனுக்கு மருட்கை தாராது.

ஆழ்காலத்தைச் சொல்ல முயன்ற தமிழ்ச் செய்யுள் ஒன்றும் ஈண்டு நினைத்தற்குரியது. பரிபாடலின் இரண்டாம் பாடல், வானும் வளியும் தீயும் நீரும் நிலமும் முறையே தோன்றிய ஊழிகளை நிரல்படக் கூறி, அவற்றின் நீட்சியை நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் பேரெண்களால் குறிக்கின்றது. இவற்றுள் நெய்தலும் குவளையும் ஆம்பலும் கமலமும் நீர்ப்பூக்கள், சங்கம் நீர்வாழ் உயிரின் கூடு, வெள்ளமோ நீரே. வடமொழி எண்மரபிலும் தாமரையும் சங்கும் பேரெண்ணாக வழங்குதலின், இதனைத் தமிழுக்கே உரியது எனச் சொல்லுதல் இயலாது. ஆயினும் எண்ணிறந்த காலத்தைச் சொல்லப் புகுந்தோர் நீரையும் நீரிற் பிறந்தனவற்றையும் நாடினர் என்பது உறுதி. அளக்க இயலாமையை அளவுச் சொல்லாலேயே உணர்த்திய அத்திறம், இன்றைய கணிப்பொறிக் கலைக்கும் ஓர் உரைகல்லாகும்.

2. நிலவுருண்டை

முதலாவது படைப்பு, இயன் வெப்ஸ்டர் என்பார் அமைத்த தொல்லுலக உருண்டை. கிறிஸ்டோபர் ஸ்கோட்டீஸ் என்னும் நிலவியலார் பன்னெடுங் காலம் வரைந்து திருத்திய தொல்நிலப் படங்களை அடிப்படையாகக் கொண்டது இது. திரையில் நிலவுலகம் கரிய வெளியிடையே சுழல்கின்றது. காண்போன் காலத்தைத் தேர்ந்தால் உலகம் அக்காலத்து வடிவுக்கு மாறுகின்றது. இன்று தொடங்கி 75 கோடி ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லலாம். தன் ஊர்ப்பெயரை எழுதினால், அவ்வூர் நிற்கும் நிலம் அக்காலத்தில் எங்கே கிடந்தது என்பது ஒரு புள்ளியால் காட்டப்பெறும்.

பாஞ்சியா என்னும் ஒற்றைப் பெருநிலத்தைச் சூழ்ந்து கிடந்த பாந்தலாசா என்னும் பெருங்கடலை இதிற் காணலாம். இந்திய நிலம் தென்கண்டக் கூட்டத்தினின்று பிரிந்து வடக்கு நோக்கிச் செல்வதையும், அதன் முன்னே தெத்தீசுக் கடல் சுருங்குவதையும் படிப்படியாகக் காணலாம். அக்கடலுக்கு 1893ஆம் ஆண்டில் பெயரிட்டவர் எட்வர்ட் சூஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர். கிரேக்கத் தொன்மத்தின் கடல்மகள் ஒருத்தி பெயர் அது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகட்கு முன் இந்திய நிலம் ஆசிய நிலத்தொடு மோதத் தொடங்கியதும், கடலடியிற் படிந்த பாறை மேலெழுந்து இமயமாயிற்று. எவரெஸ்டு முடியிலுள்ள சுண்ணப்பாறையில் கடல்வாழ் உயிரின் எச்சம் உண்டு என்பது இதற்குச் சான்று. இவையனைத்தும் நூல்களில் உள்ள செய்திகளே. ஆயின் நூலிற் கற்ற ஒன்றைக் கண்ணெதிரே இயங்கக் காணுங்கால் பெருமை என்னும் களன்பற்றிய மருட்கை பிறத்தல் இயல்பு.

எனினும் இப்படைப்பின் உயிர்நிலை அதன் பெருமையில் இல்லை. ஊர்ப்பெயரை எழுதும் அச்சிறு இடத்திலேயே உள்ளது என்பது எம் கருத்து. காண்போர் தேடுவது தத்தம் ஊரையே. சென்னை என்றோ மதுரை என்றோ எழுதி 30 கோடி ஆண்டு பின்செல்வோன், தன் ஊர்ப்புள்ளி ஆப்பிரிக்காவும் அண்டார்க்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டிக் கிடக்கும் பெருநிலத்தில், தென்முனையை அடுத்த குளிர்நாட்டில் நிற்கக் காண்பான். ஆண்டு ஊர் இல்லை, ஊரார் இல்லை, ஊரை ஊர் என அழைக்கும் மொழியும் இல்லை. புள்ளி மட்டும் நிற்கின்றது. இதனைக் கண்டார்க்குத் தோன்றுவது வியப்பு மட்டும் அன்று, இரங்கலும் ஆகும். இரங்கல் நெய்தற்குரிய உரிப்பொருள். உரிப்பொருள் இல்லாத காலத்துள், ஒரு புள்ளியின் வாயிலாக உரிப்பொருள் நுழைந்துவிடுகின்றது. படைத்தோர் இதனைக் கருதினரோ இலரோ, கலையின் பயன் இதுவே.

குறையும் உண்டு. 75 கோடி ஆண்டுகளைச் சில சொடுக்குகளில் கடந்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு நொடி வீதம் கணக்கிடின், அக்காலத்தைக் கடக்க ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகும். நிலவுலகின் வயதாகிய 454 கோடி ஆண்டுகளை அவ்வாறே கடக்க ஏறத்தாழ 144 ஆண்டுகள், அதாவது ஒரு மனிதன் வாழ்நாளினும் மிக்க காலம், வேண்டும். விரல் அசைவில் ஊழி மாறுமிடத்துக் காலம் இடமாகிவிடுகின்றது. பொழுது நிலத்துள் மறைகின்றது. முதற்பொருள் இரண்டனுள் ஒன்றே எஞ்சுகின்றது.

3. பாடவேறுபாடு காட்டாத பதிப்பு

இதனினும் பெரியதொரு குறை, தமிழ்ப் பதிப்பு நெறி அறிந்தார்க்கே எளிதிற் புலப்படும். தொல்கடல் என்பது சிதைந்த சுவடி போன்றது. கடல்தரை ஓரிடத்துப் பிறந்து, பரவி, மற்றோரிடத்து நிலத்தட்டின் அடியிற் சென்று அழிகின்றது. அதனால் இன்று நாம் காணும் கடல்தரையின் மிகப் பெரும்பகுதி 20 கோடி ஆண்டுக்கு உட்பட்டதே. பாந்தலாசாவின் அடித்தளம் சில துணுக்குகள் நீங்கலாக அழிந்தொழிந்தது. கண்டங்களின் பழைய இருக்கையை அறியத் தொல்காந்தச் சான்று உதவும். பாறை உறைந்தபொழுது அதனுட் பதிந்த காந்தத் திசை, அந்நிலம் எந்த அகலக்கோட்டில் இருந்தது என்பதை உரைக்கும். நெடுக்கோட்டை அஃது உரையாது. நெடுக்கோட்டைப் பிற சான்றுகளால் உய்த்துணர்தல் வேண்டும். ஆதலின் காலம் பின்செல்லச் செல்ல ஐயப்பாடு மிகும். அறிஞர் வரையும் படங்களும் தம்முள் வேறுபடும்.

இவ்வேறுபாடு திரையில் காணப்படவில்லை. நேற்றைய உலகமும் 60 கோடி ஆண்டுக்கு முற்பட்ட உலகமும் ஒரே தெளிவோடு, ஒரே வண்ணத்தோடு, ஒரே கரைவரையோடு நிற்கின்றன. பல ஏடுகளை ஒப்புநோக்கி ஒரு பாடத்தை மேலே அச்சிட்டு, ஏனைப் பாடங்களை அடியிற் குறித்து, கிடையாத இடத்தைப் புள்ளியிட்டு விடுத்த பதிப்பாசிரியர் நெறியை நாம் அறிவோம். டாக்டர் உ.வே. சாமிநாதையர் பதிப்புகளை நாம் போற்றுவது அவை முழுமையானவை என்பதால் மட்டும் அன்று. எங்கே முழுமை இல்லை என்பதை அவை ஒளியாமையானும் ஆகும். அவ்வளவைகொண்டு நோக்கின், இவ்வுருண்டை பாடவேறுபாடு காட்டாத பதிப்பு.

கலைக்கு இக்கடப்பாடு உண்டோ என வினவலாம். புனைவெனத் தன்னைக் கூறிக்கொள்ளும் கலைக்கு இல்லை. அறிவியற் சான்றின்மேல் நின்று, இதுவே உன் ஊர் இருந்த இடம் எனச் சுட்டும் கலைக்கு உண்டு. ஐயம் மிக்க இடத்தைக் கரைவரை மங்கக் காட்டலாம். இருவேறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டலாம். வெவ்வேறு நிலவியல் மாதிரிகளை ஏற்றி ஒப்பிடும் வாய்ப்பு, ஆய்வாளர் வழங்கும் ஜிபிளேட்ஸ் என்னும் கணிநிரலில் முன்னரே உண்டு. ஆதலின் இது செய்தற்கரிய செயல் அன்று. மங்கிய கரையைக் காண்பதால் மருட்கை குறையாது; அறிவு நிரம்பாத இடம் இதுவெனக் காட்டுதலால் மிகும்.

4. உயிர்க்குளம்

இரண்டாவது படைப்பு 'ஏ-வால்வ்' என்பது. கிறிஸ்டா சோமரர், லோரான் மின்யோனோ என்னும் இருவர் 1994ஆம் ஆண்டில் இதனை அமைத்தனர். முன்னவர் உயிரியலும் சிற்பமும் கற்றவர். பின்னவர் நிகழ்படக் கலையர். ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழாவில் ஊடாட்டக் கலைக்குரிய தலைமைப் பரிசினை இஃது அவ்வாண்டே பெற்றது.

இப்படைப்பில் மெய்யான நீர் நிரம்பிய கண்ணாடிக் குளம் ஒன்று உளது. அருகில் தொடுதிரை. காண்போன் விரலால் ஒரு வடிவத்தை வரைய, அவ்வடிவம் உயிரென அசைந்து குளத்து நீரில் நீந்தத் தொடங்கும். நீர் மெய், உயிர் நிழல். நீந்தும் திறன் வரைந்த வடிவத்தைப் பொறுத்தது. நீந்த வல்லது இரையைப் பற்றும், வல்லாதது இரையாகும். இரண்டு உயிர் கூடின் இருவர் இயல்பும் கலந்த குட்டி பிறக்கும். அதனிடத்து மரபுத் திரிபும் நிகழும். காண்போன் நீருள் கைவிடின் அவ்வுயிர்கள் அதனை உணரும். ஒன்றைக் கையகப்படுத்தி நிறுத்தலாம். வேட்டையாடும் உயிரினின்று மற்றொன்றைக் காக்கலாம்.

படைத்தோர் நோக்கம் செயற்கை உயிரியலை ஆராய்வது. தொல்கடலைச் சித்திரிப்பது என அவர்கள் கூறிற்றிலர். ஆயினும் ஆழங்குறைந்த நீரில் மெல்லுடல் உயிர்கள் தோன்றி, பெருகி, அழியும் இக்காட்சி, உயிர்வகை தழைத்த பழங்கடலின் சிறு படிமமாக நிற்கின்றது எனக் கொள்ளல் தவறன்று. கூறாது உணர்த்துதல் கலைக்கு இயல்பே.

இதன் சிறப்பு இரண்டு. காண்போனுடைய ஆட்சி பிறப்போடு முடிகின்றது என்பது முதலாவது. அழகெனக் கருதி அவன் வரைந்த வடிவம் நீந்தாது மடியலாம்; விளையாட்டாகக் கிறுக்கியது நெடிது வாழ்ந்து வழி பெருக்கலாம். வரைந்தவன் விருப்பம் நீரில் செல்லாது. வடிவமும் நீரும் தம்முள் கொண்ட ஒழுங்கே செல்லும். ஆழ்காலத்தின் உண்மையும் இதுவே. பின் வருவதை முன் அறிந்தார் அங்கு ஒருவரும் இலர். ஆக்கம் பற்றிய மருட்கை இதிற் போல வேறு எப்படைப்பிலும் தூய்மையாகப் பிறந்ததாக யாம் அறிந்திலோம்.

கையின் எல்லை இரண்டாவது. காக்கும் கையைக் குறை கூறுவாரும் உளர். இயற்கையில் காக்கும் கை இல்லை ஆதலின் இது பொய்க்காட்சி என்பது அவர் வாதம். யாம் அவ்வாறு கருதவில்லை. கை ஓருயிரைச் சில நொடி காக்கும். குளம் முழுதையும் காவாது. கையை எடுத்தவுடன் காக்கப்பட்டது மீண்டும் நீரின் ஒழுங்கிற்கு உட்படும். அருளுடைமை உண்டு, ஆற்றல் இல்லை என்ற இந்நிலையைக் காண்போன் சொல்லால் அன்றித் தன் கையாலேயே உணர்கின்றான். உரிப்பொருள் இல்லாத நீரில் மனிதன் புகுங்கால், அவனுக்குரிய இடம் எத்துணைச் சிறிது என்பதைக் குளம் காட்டிவிடுகின்றது. சிறுமை என்னும் களன் ஈண்டுக் காண்போன்மேலேயே திரும்புகின்றது.

5. பன்னிரு திரைகள்

மூன்றாவது படைப்பு கார்ல் சிம்ஸ் அமைத்த 'கலாபகோஸ்'. டோக்கியோ நகரின் ஊடாட்டக் கலைக் காட்சியகத்தில் 1997 முதல் 2000 வரை இது வைக்கப்பெற்றிருந்தது. வில்வடிவாக நிறுத்திய பன்னிரண்டு திரைகளில் பன்னிரண்டு செயற்கை உயிர்கள் அசையும். ஒவ்வொரு திரையின் முன்னும் தரையில் உணர்கருவி உண்டு. தனக்குப் பிடித்த உயிரின் முன் காண்போன் நிற்பான். தேர்ந்தவை எஞ்சும், ஏனையவை மறையும், மறைந்தவற்றின் இடத்தில் எஞ்சியவற்றின் வழித்தோன்றல்கள், கலந்தும் திரிந்தும், தோன்றும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் செல்ல, முன்பு எவரும் எண்ணாத வடிவங்கள் பிறக்கும்.

புதுமை என்னும் களனில் இதனை விஞ்சுதல் அரிது. ஆயின் பெயரும் பொருளும் இதில் இயையவில்லை. சார்லஸ் டார்வின் 1835ஆம் ஆண்டில் கண்ட தீவுக்கூட்டத்தின் பெயர் இது. அத்தீவுகளில் உயிரைத் தேர்ந்தது எவருடைய விருப்பமும் அன்று; உணவும் வறட்சியும் தனிமையும் தேர்ந்தன. இப்படைப்பிலோ தேர்வது காண்போனுடைய சுவை. டார்வினே 1859ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் முதல் இயலில், மனிதர் புறாக்களைத் தம் விருப்பின்படி தேர்ந்து வளர்க்கும் வகையை விரித்துரைத்து, அதன் பின்னரே இயற்கைத் தேர்வினை எடுத்துக்கொண்டார். ஆகவே சிம்ஸ் காட்டியது தீவை அன்று, புறாக்கூட்டையே. இதனால் படைப்பு இழிந்தது எனல் ஆகாது. புறாக்கூடு என்று அறிந்து காண்பின் அஃது உயர்ந்த படைப்பே. ஆழ்காலம் என்று அறிந்து காண்பின், பழங்கடலின் உயிரெல்லாம் நம் கண்ணுக்கு இனிமை செய்யத் தோன்றியது போன்ற மயக்கம் எழும். திறனாய்வாளர் கடிந்து விலக்க வேண்டிய மயக்கம் அது.

6. தமிழ் ஆய்வாளர்க்கு ஓர் எச்சரிக்கை

தொல்கடல் என்றவுடன் தமிழ் உள்ளம் குமரிநிலத்தை நினைக்கும். பஃறுளி ஆற்றையும் குமரி மலையையும் கடல் கொண்ட செய்தி சிலப்பதிகாரத்தில் உண்டு. அந்நிலத்தின் நாற்பத்தொன்பது நாடுகளை அடியார்க்குநல்லார் உரை எண்ணிக் காட்டும். 1864ஆம் ஆண்டில் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்பெற்ற உயிரொப்புமையை விளக்க இலெமூரியா என்றொரு நிலத்தைக் கருதினார். பின்னர் இவ்விரண்டும் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டன.

தொல்லுலக உருண்டையைச் சுழற்றும் தமிழ் மாணவன் அந்நிலத்தைத் தேடுவான், தேடிக் காணான். காணாமை படைத்தோர் குறை அன்று. மடகாஸ்கரும் இந்தியாவும் முன்பு ஒட்டிக் கிடந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகட்கு முன் பிரிந்தன. நிலத்தட்டு நகர்வு நிறுவப்பெற்ற பின், இடையில் ஒரு கண்டம் மூழ்கியதாகக் கருத வேண்டிய தேவை அறிவியலுக்கு இல்லாதாயிற்று. நம் இனமாகிய மக்கள் தோன்றியதோ ஏறத்தாழ 3 இலக்கம் ஆண்டுகட்கு உட்பட்டே. கடைசிப் பனிக்காலம் கழிந்து, கடந்த 20,000 ஆண்டுகளுள் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்து கரைநிலங்களைக் கொண்டது என்பது மெய். கடல்கோள் நினைவு எதற்கேனும் அடிப்படை வேண்டுமாயின் அதனை இச்சிறு கால அளவிலேயே தேடல் வேண்டும். கோடியாண்டுகளில் தேடல் ஆகாது. இரு கால அளவைகளை மயக்குதல் செய்யுளுக்கும் தீங்கு, நிலவியலுக்கும் தீங்கு. கடல்கொண்ட நிலத்தை எண்ணி இரங்கும் செய்யுளின் உண்மை இரங்கலில் உளது. அதற்குக் கண்டத்தின் சான்று வேண்டுவது இல்லை.

தமிழ்நிலத்துக்கு மெய்யான தொல்கடல் ஒன்று உண்டு. அரியலூர்ப் பகுதியிலும் காரை என்னும் ஊரை அடுத்த வறுநிலத்திலும், அம்மோனைட்டு முதலிய கடலுயிர்ப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. 1840ஆம் ஆண்டுகள் தொட்டு நிலவியலார் இவற்றை ஆராய்ந்து வருகின்றனர். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் இறுதிப் பகுதியில் கடல் இவ்வுள்நாட்டின்மேல் ஏறி நின்றது என்பதற்கு இவை கைப்படத்தக்க சான்று. உலகளாவிய சிற்றளவுப் படத்தில் இத்தகைய வட்டார நுட்பத்தை எதிர்பார்த்தல் ஆகாது. ஆயினும் இல்லாத கண்டத்தைத் திரையில் தேடும் மாணவன், உள்ள கடலைக் காலடியில் மறந்துவிடலாகாது.

7. ஆழ்காலக் கலையின் குறுங்காலம்

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். குளத்தையும் பன்னிரு திரைகளையும் யாம் நேரிற் கண்டிலேம். படைத்தோர் எழுதிய விளக்கங்களாலும் நிகழ்படப் பதிவுகளாலும் பிறர் கட்டுரைகளாலுமே அறிந்தோம். நேரிற் காணாது திறனாய்தல் தகுமோ என்னும் வினாவுக்கு விடை நம் இலக்கிய வரலாற்றிலேயே உண்டு. முத்தொள்ளாயிரத்தையும் தகடூர் யாத்திரையையும் முழு நூலாக நாம் கண்டதில்லை; புறத்திரட்டு முதலியவற்றில் எஞ்சிய செய்யுட்களைக் கொண்டே அவற்றின் பெருமையைப் பேசுகின்றோம்.

1990ஆம் ஆண்டுகளின் பெருங்கணிப்பொறிகளை நம்பி எழுந்த படைப்புகள், அப்பொறிகள் வழக்கொழிந்தபின் வேறு பொறிக்கு மாற்றப்பெறாவிடின் இயங்கா. கோடியாண்டுகளைப் பாட எழுந்த கலை, ஒரு தலைமுறைக்கும் நிலையாமை நகைப்புக்குரிய முரண் அன்று, கவலைக்குரியது. பனையேட்டைச் செல்லரித்த காலத்து அதனை மறுபடி எழுதினோர் இருந்தமையால் சங்கப் பாடல் நமக்குக் கிடைத்தது. இக்கலைக்கும் படியெடுப்போர் வேண்டும். படி கிடையாத இடத்து உரையேனும் வேண்டும். எத்தகைய நீர், எத்தகைய வடிவம், கை வைத்தபொழுது என்ன நேர்ந்தது என்பதை உள்ளவாறு எழுதிவைக்கும் திறனாய்வு, நாளை அதுவே புறத்திரட்டாக நிற்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றான் சில பெறப்படும். ஊடாட்டக் கலை ஆழ்காலத்தைக் காட்ட வல்லதே. ஆயின் காண்போன் கைக்கு எத்துணை ஆட்சி அளிக்கின்றது என்பதைப் பொறுத்தே அக்காட்சி மெய்யாகும். கை எல்லாவற்றையும் தேரும் இடத்துத் தொல்கடல் மறைந்து காண்போன் முகமே தோன்றும், கலாபகோஸ் இந்நிலையது. கை காலத்தைத் தாவும் இடத்து நிலம் தோன்றும், பொழுது தோன்றாது, நிலவுருண்டை இந்நிலையது. எனினும் ஊர்ப்புள்ளியால் அஃது இரங்கலைத் தருகின்றது; ஐயமுள்ள இடத்தை ஐயமெனக் காட்டுமாயின் மேலும் உயரும். கை தொடங்கிவைத்துப் பின் ஆற்றாது நிற்கும் இடத்தே ஆக்கம் பற்றிய மருட்கை முழுமையாகப் பிறக்கும். ஏ-வால்வ் குளம் இந்நிலையது. ஆதலின் மூன்றனுள் அதுவே தலையாயது என்பது எம் முடிபு.

முதல், கரு, உரி என்னும் பகுப்பு ஐந்திணைச் செய்யுளுக்கு வகுக்கப்பட்டது. அது கணிப்பொறிக் குளத்துக்கும் பொருந்துதல் கண்டு மகிழ்தல் மட்டும் போதாது. உரிப்பொருள் இல்லாத உலகம் ஒன்று நெடுங்காலம் இருந்தது என்பதை அப்பகுப்பே நமக்கு உணர்த்துகின்றது. அவ்வுலகின்முன் அடங்கி நிற்கும் கலையைத் தேர்ந்து போற்றுதலும், அதனை எழுதிவைத்தலும், தமிழ்த் துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகளாம்.